பாட்டு எழுதியவர்களுக்கு, படியெடுப்பவர்கள் எழுதும் மடல்

திரைப்படங்களுக்குப் பாட்டெழுதும் கவிஞர்களுக்கும், மறைந்த பாடலாசிரியர்களின் குடும்பத்தாருக்கும் ஆத்தூரிலிருந்து வணக்கம்.

சேலத்துப் பக்கத்து ஆத்தூர் அல்ல; திண்டுக்கல் மாவட்டத்தில் காமராஜர் அணை இருக்கும் ஆத்தூர். உங்கள் பாட்டுகளைக் காதால் கேட்டு, சொல் சொல்லாகத் தமிழில் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் வாசிக்கும்படி இணையத்தில் வைக்கிறவர்களில் நானும் ஒருவன். எங்களுக்குச் சங்கம் கிடையாது, சம்பளமும் கிடையாது. பகலில் பிழைப்பைப் பார்த்துவிட்டு இரவில் இந்த வேலையில் உட்காருகிறோம். உங்களில் யாரையும் நேரில் அறியாதவர்கள் நாங்கள். ஆனாலும் உங்கள் சொற்களோடு எங்களைப்போல் இத்தனை நெருங்கிக் கிடப்பவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் குறை இதுதான். நாங்கள் ஏற்றி வைக்கும் பாட்டுகள் நீக்கப்படுகின்றன. நேற்று இருந்த பக்கம் இன்று இருப்பதில்லை. உரிமை மீறல் என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு வரும். யாரிடம் விளக்கம் கேட்பது, யாரிடம் அனுமதி கேட்பது என்று அதில் இராது. சில தளங்களில் பல்லவிக்கு மேல் போடக்கூடாது. வேறு சிலவற்றில் நாங்கள் எழுதியதை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. பாட்டு போனதோடு விஷயம் முடிந்துவிடுவதில்லை. அந்தப் பக்கத்தின் அடியில் நாங்கள் எழுதி வைத்த குறிப்புகளும் சேர்ந்து போய்விடுகின்றன. படத்தில் வரும் மூன்றாவது சரணம் இசைத்தட்டில் இல்லை; பாட்டுப் புத்தகத்தில் இந்த இடத்தில் வேறு சொல் அச்சாகியிருக்கிறது; மேடையில் பாடும்போது பாடகர் இந்த அடியை மாற்றிப் பாடினார். இப்படிப்பட்ட குறிப்புகள் வேறெங்கும் எழுதப்பட்டவை அல்ல.

அதே பாட்டு இன்னோர் இடத்தில் ஆங்கில எழுத்தில், சரணத்துக்குச் சரணம் கடன் விளம்பரமும் சூதாட்ட விளம்பரமுமாக, பிழை மலிந்து கிடக்கிறது. அதை யாரும் நீக்குவதில்லை. நீக்கினாலும் முகவரியை மாற்றிக்கொண்டு மறுவாரம் வந்துவிடுகிறது. எழுதிய கவிஞரின் பெயர் அங்கே பெரும்பாலும் இருப்பதில்லை. இருந்தால் அது தவறாக இருக்கிறது. பழைய பாட்டு என்றால் கண்ணதாசன் என்று போட்டுவிடுகிறார்கள். மருதகாசி எழுதியதும் கு.மா. பாலசுப்பிரமணியம் எழுதியதும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. கோடை பண்பலையில் பாட்டு கேட்டு வளர்ந்த ஊர் இது. பாட்டைப் போடுமுன் எழுதியவர் யார் என்று வானொலி சொல்லக் கேட்டுப் பழகிய எங்களுக்கு, இந்தப் பெயர் அழிப்புத்தான் எல்லாவற்றிலும் அதிகமாக வலிக்கிறது.

ஒரு பாட்டைப் படியெடுப்பது என்றால் என்ன என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பழைய 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம்போலத்தான் இடம் உண்டு. படத்தில் பாட்டு அதைவிட நீளமாக இருந்தால் தட்டுக்காக ஒரு சரணத்தை வெட்டிவிடுவார்கள். அந்தத் தட்டிலிருந்துதான் பின்னால் ஒலிநாடாவும் குறுந்தட்டும் இன்றைய செயலிகளும் எடுத்துக்கொண்டன. ஆகவே வெட்டிய சரணத்தைத் தேடிப் படத்துக்குப் போக வேண்டும். படத்தின் பிரதியோ தேய்ந்து, ஒலி கரகரவென்று இருக்கும். அடுத்த கதி பாட்டுப் புத்தகம். டாக்கீஸ் வாசலில் விற்ற அந்த மெல்லிய புத்தகங்கள் உங்களுக்கு நினைவிருக்கும்: கதைச் சுருக்கம், "மீதியை வெள்ளித்திரையில் காண்க", அப்புறம் பாட்டுகள். எங்கள் ஊரில் மைக் செட் வைத்திருந்த பெரியவர் ஒருவர் தகரப் பெட்டி நிறைய அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறார். திருவிழாவுக்குக் குழாய் கட்டப் போகும் ஊர்களிலெல்லாம் வாங்கியவை.

ஒருமுறை அனுபல்லவியின் கடைசிச் சொல் வயலின் கூட்டத்துக்குள் மூழ்கிப்போனது. வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்டோம். 'பனி' என்றார் ஒருவர், 'பணி' என்றார் இன்னொருவர். பாடகரின் நாக்கு இரண்டுக்கும் நடுவில் நின்றது. பாட்டுப் புத்தகத்தின் இரண்டு அச்சுகளில் இரண்டு விதமாக இருந்தது. பெரியவரிடம் போனோம். அவர் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. "படத்துல அதுக்கு முந்தின சீன் என்ன தம்பி? வேலை போயி நிக்கிறான்ல? அப்ப பணிதான்" என்றார். ஒரு மெய்யெழுத்துக்கு இவ்வளவு அலைச்சல். ஏட்டுச் சுவடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தவர்களின் வேலையோடு ஒப்பிட எங்களுக்குத் தகுதியில்லை. ஆனால் சொல்லைச் சரியாக வைக்க வேண்டும் என்ற தவிப்பு அதே தவிப்புத்தான். அந்தப் பக்கம் பிறகு நீக்கப்பட்டது. பணியும் போயிற்று, பனியும் போயிற்று.

பள்ளி ஆண்டு விழாக்களில் பிள்ளைகள் கைபேசியைப் பார்த்துப் பாடுகிறார்கள். திரையில் இருப்பது ஆங்கில எழுத்து. அதில் லகர, ளகர, ழகர வேறுபாடு தெரியாது. ரகரத்துக்கும் றகரத்துக்கும் பேதமில்லை. பாட்டின் வழியாகத்தான் இந்த நாட்டில் பல தலைமுறைகள் தமிழ்ச் சொல் படித்தன. எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள்கூட உங்கள் பாட்டால் யாப்பின் ஓசையைக் காதில் வைத்திருந்தார்கள். இன்றைக்குப் பாட்டு இருக்கிறது; அதன் தமிழ் எழுத்து வடிவம் பிள்ளைகளின் கண்ணில் படுவதில்லை. இதைச் சரிசெய்ய ஆளிருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கடல் கடந்தும் இருக்கிறார்கள். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழர்கள் சங்க இலக்கியத்தையும் பக்தி இலக்கியத்தையும் கூலியின்றித் தட்டச்சு செய்து கொடுத்ததால் வளர்ந்தது. திருக்குறளுக்குக் காப்புரிமை இல்லாததால் அங்கே இந்தத் தடை எழவில்லை.

உங்கள் பக்க நியாயம் எங்களுக்குத் தெரியாதது அல்ல. தயாரிப்பாளர் பணம் கொடுத்து எழுத வைத்த பாட்டுக்கு முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒருமுறை சம்பளம் வாங்கியதோடு சரி. பாட்டு அரை நூற்றாண்டு ஓடினாலும் எழுதியவர் வீட்டுக்கு ஒன்றும் வராது என்ற நிலை. வறுமையில் போய்ச் சேர்ந்த கவிஞர்களை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2012இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான், பாட்டு படத்துக்கு வெளியே பயன்படும்போது கிடைக்கும் உரிமத்தொகையில் பாடலாசிரியருக்குச் சமபங்கு உண்டு, அதை விட்டுக்கொடுத்து எழுதி வாங்குவது செல்லாது என்று ஆனது. இவ்வளவு போராடி வாங்கிய பிறகு, இலவசமாகக் கொடுங்கள் என்று எவனோ ஒருவன் வந்து நின்றால் உங்களுக்குக் கசக்கத்தான் செய்யும். இசையமைப்பாளர் உரிமை, இசை நிறுவனத்தின் உரிமை என்று வழக்குகள் நடக்கின்றன. வரி எழுதியவரும் உரிமை கேட்டால் என்ன ஆகும் என்று 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமே ஒரு விசாரணையின்போது கேட்க வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு உங்கள் பெயர் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

நாங்கள் உங்கள் வருமானத்தில் கை வைக்கவில்லை. வானொலியும் தொலைக்காட்சியும் மேடைக் கச்சேரியும் செயலிகளும் பாட்டை ஒலிபரப்பினால் உங்களுக்குப் பணம் தரட்டும். வரியைத் திரையில் காட்டிக் காசு பார்க்கிற நிறுவனங்களும் தரட்டும். நாங்கள் கேட்பது, பாட்டின் எழுத்து வடிவத்தை, இசையில்லாமல், விளம்பரமில்லாமல், உங்கள் பெயரோடு, வாசிப்பதற்கு வைக்கும் அனுமதி மட்டுமே.

வெளிநாட்டுக் கதைகளைப் பார்த்துவிட்டுத்தான் இதை உங்களிடம் நேரே கேட்கிறோம். 2006இல் தொடங்கிய லிரிக்விக்கி என்ற தளத்தில் தன்னார்வலர்கள் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பாடல் வரிகளைச் சேர்த்தார்கள். அது ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனது. உரிமதாரர்களோடு ஒப்பந்தம் போட்டதும் கட்டுப்பாடுகள் வந்தன. 2020 செப்டம்பரில் தளத்தையே மூடிவிட்டார்கள். எழுதிக் கொடுத்தவர்களைக் கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஜீனியஸ் என்ற நிறுவனம், தன் தளத்தில் பயனர்கள் எழுதிய வரிகளைக் கூகிள் எடுத்துக் காட்டுகிறது என்று வழக்குப் போட்டது. அப்பாஸ்ட்ரபி குறிகளை மாற்றி மாற்றி வைத்து ரகசிய அடையாளம் போட்டு அதை நிரூபிக்கவும் முயன்றது. அமெரிக்க நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. 2023இல் அங்குள்ள உச்ச நீதிமன்றமும் அந்த மேல்முறையீட்டை ஏற்க மறுத்துவிட்டது. வரி யாருடையதோ உரிமை அவருடையது. கேட்டு எழுதியவருக்கு அதில் பிடி கிடையாது. அந்த நிலைமையை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம், எங்களுக்கு உரிமை வேண்டாம். ஆனால் பிடி உங்கள் கையில் இருக்கிறது என்றால், கேட்க வேண்டிய இடமும் நீங்கள்தானே.

பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை இந்த மண் ஏற்கெனவே ஒருமுறை கேட்டுத் தீர்த்திருக்கிறது. பாரதியின் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமையை ஏவி.எம். பட நிறுவனத்தின் ஏவி. மெய்யப்பச் செட்டியார் விலைக்கு வாங்கி வைத்திருந்தார். 1947இல் வந்த அவருடைய 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் நாடு முழுக்க ஒலித்தன. மறுவருடம் டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது, உரிமை என்னுடையது என்று செட்டியார் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தது. சட்டப்படி அவர் செய்தது சரி. ஆனால் எழுத்தாளர்கள் கொதித்தார்கள். பாரதி விடுதலைக் கழகம் அமைத்தார்கள். அவர்களில் நாரண துரைக்கண்ணனும் திருலோக சீதாராமும் திருநெல்வேலிக்குப் போய்ப் பாரதியின் மனைவி செல்லம்மாவைக் கண்டு பேசினார்கள். 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு பாரதியின் எழுத்துகளை எடுத்துக்கொண்டது. செல்லம்மாவுக்கும் இரு மகள்களுக்கும் அரசு பணம் தந்தது. மெய்யப்பச் செட்டியார் காசு எதுவும் வாங்காமல் தன் உரிமையை ஒப்படைத்தார். 1950களில் பாரதி எழுத்து பொதுமக்களுக்கே திறந்துவிடப்பட்டது. உரிமையைக் கையில் வைத்திருந்த வணிகர் ஒருவரே விட்டுக்கொடுத்த வரலாறு இது. அதனால் ஏவி.எம். நிறுவனம் அழிந்துபோகவில்லை, பாரதியும் குறைந்துபோகவில்லை.

அந்த வழியில்தான் பிறகு எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாயின. குடும்பத்தாருக்கு அரசு பரிவுத்தொகை கொடுத்தது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், உடுமலை நாராயணகவி, மருதகாசி என்று பாட்டெழுதியவர்களும் அந்த வரிசையில் இருக்கிறார்கள். நாட்டுடைமை வேண்டாம் என்று சொன்ன குடும்பங்களும் உண்டு. அது அவர்கள் முடிவு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் கேட்பது நாட்டுடைமை அளவுக்குப் பெரியதும் அல்ல.

இன்னொரு முன்மாதிரியும் உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் வேதம். 1964இல் நா. வானமாமலை பதிப்பித்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்'. ஒரே மனிதர் உட்கார்ந்து தொகுத்த நூல் அல்ல அது. எஸ்.எஸ். போத்தையா, எஸ்.எம். கார்க்கி, கு. சின்னப்ப பாரதி போன்றவர்கள் தத்தம் வட்டாரங்களில் கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். நூலைத் திறந்தால் பாட்டின் அடியில் சேகரித்தவர் பெயர் இருக்கும், இடம் இருக்கும், வட்டார வழக்குச் சொல்லுக்குப் பொருள் இருக்கும். ஊர் கூடிச் சேர்த்த பாட்டை எப்படி நேர்மையாகப் பதிப்பிப்பது என்பதற்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியாது. திரைப்பாட்டுக்கும் இதே மாதிரி ஒரு பதிப்பு வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை: எழுதியவர், படம், ஆண்டு, கேட்டு எழுதியவர், பாடபேதம்.

நாட்டுப் பாட்டைச் சொன்னதால் மனத்தில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் குடகனாற்றுப் பாசனத்தைப் போன்ற வயல்களில் நடவு நட்ட பெண்கள் பாடிய மெட்டும் சொல்லும், இழவு வீட்டில் ஒப்பாரி வைத்தவர்களின் அடிகளும் தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் சினிமாவுக்குப் போயிருக்கின்றன. அதை உங்களில் பலர் மேடைகளில் பெருமையோடு சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பாட்டுக்காரிகளிடம் யாரும் எழுத்து வாங்கவில்லை. அவர்களும் கணக்குக் கேட்கவில்லை. பாட்டு போய்ப் பாட்டாகத்தான் திரும்பி வந்தது. நடவு வயலில் சினிமாப் பாட்டையும் சேர்த்துப் பாடினார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கலில் இன்றைக்கு ஒரு பக்கம் மட்டும் பூட்டு விழுந்திருக்கிறது என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சட்டம் ஓரிடத்தில் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2012 திருத்தத்தின்படி, பார்வையற்றோர் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகள் வாசிப்பதற்கேற்ற வடிவில் எந்த நூலையும் எழுத்தையும் ஆக்கிக் கொடுப்பது உரிமை மீறல் ஆகாது. இதற்கான உலக உடன்படிக்கையான மராக்கேஷ் உடன்படிக்கைக்கு 2014இல் முதலில் ஒப்புதல் தந்த நாடு இந்தியா. மெல்லிசைக் குழுக்களில் பாடும் பார்வையற்ற பாடகர்கள் திரைவாசிப்பானில் வரிகளைக் கேட்டுப் பாடம் செய்கிறார்கள். ஆங்கில எழுத்தில் இருக்கும் தமிழை அந்தக் கருவி வாசிப்பதைக் கேட்டால் உங்களுக்கு அழுகை வரும். தமிழ் எழுத்தில் பிழையின்றிக் கொடுத்தால் பிசிறில்லாமல் வாசிக்கும். அவர்களுக்கென்று செய்து கொடுப்பதை நாங்கள் நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டோம். ஆனால் பார்வையுள்ள பிள்ளைக்கு அதே பக்கத்தைக் காட்டினால் குற்றம் என்று இருப்பது எப்படி?

காலம் தானாகத் திறந்துவிடும் என்று காத்திருக்கலாமா? கவிஞர் மறைந்த ஆண்டு முடிந்து அறுபது ஆண்டு என்பது இந்தியச் சட்டக் கணக்கு. 1959இல் மறைந்த பட்டுக்கோட்டையாருக்கு நாட்டுடைமை இல்லாவிட்டாலும் 2019 முடிவோடு கெடு தீர்ந்துவிட்டது. கண்ணதாசனுக்கு 2042 பிறக்க வேண்டும். வாலிக்கு 2074. நா. முத்துக்குமாருக்கு 2077. அந்தப் பெரியவரின் தகரப் பெட்டி அதுவரை இராது. பாட்டுப் புத்தகத் தாள் இப்போதே தொட்டால் உதிர்கிறது. படம் பார்த்த நினைவில் சொல் சொல்பவர்களுக்கு எழுபது, எண்பது வயதாகிறது.

கண்ணதாசன் பாடல்கள் தொகுதிகளாக இருக்கின்றன. வைரமுத்து தம் ஆயிரம் பாடல்களை நூலாகத் தந்திருக்கிறார். அப்படித் தொகுப்பு வந்தவர்கள் சிலர்தான். இரண்டு மூன்று படங்களுக்கு எழுதிவிட்டு ஒதுங்கிப்போனவர்கள், பெயரே திரையில் சரியாக வராதவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பாட்டுக்குப் பதிப்பகம் வராது. எங்களைப் போன்ற கை மட்டும்தான் வரும்.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. உரிமை உங்கள் பெயரிலேயே இருக்கும் பாட்டுகளுக்கு, எழுத்து வடிவத்தை வணிக நோக்கின்றி வெளியிடலாம் என்று எழுத்தில் அனுமதி கொடுங்கள். காப்புரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, எழுதியவர் தம் உரிமைகள் எல்லாவற்றையும் அல்லாமல் ஏதேனும் சிலவற்றை மட்டும் பொது அறிவிப்பின் மூலம் விட்டுக்கொடுக்க இடம் தருகிறது. குடும்பத்தார் 30ஆம் பிரிவின்படி எழுத்தில் உரிமம் தரலாம். உரிமை இசை நிறுவனத்திடம் போய்விட்டது என்றால், வாசிப்புக்கான அனுமதியைத் தரும்படி அந்த நிறுவனத்துக்கு உங்கள் பெயரில் ஒரு கடிதம் எழுதுங்கள். நாங்கள் எழுதினால் பதில் வராது, நீங்கள் எழுதினால் வரும். இனி எழுதப்போகும் பாட்டுகளுக்கு ஒப்பந்தம் போடும்போது, தமிழ் எழுத்து வடிவத்தை வாசிப்புக்கு வெளியிடும் உரிமை கவிஞருக்கே என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இளைய கவிஞர்கள் இதைத் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும். அனுமதி எதுவும் தர இயலாதவர்கள்கூட, நாங்கள் தட்டச்சு செய்ததை வாங்கிப் பார்த்துப் பிழை திருத்திக் கொடுக்கலாம். வெளியிட முடியும் காலம் வரை பத்திரமாக வைத்திருப்போம். நீங்கள் கைப்பட எழுதிய தாளோ, ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கொடுத்த படியோ இருந்தால், அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, அங்கே கொடுங்கள்.

அனுமதிக் கடிதம் தமிழில் ஒரு பத்தி போதும்: எந்தப் பாடல்கள், என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது, உங்கள் கையொப்பம், தேதி. நாளிதழிலோ வார இதழிலோ அதை வெளியிட்டால் நாங்கள் பார்த்துக்கொள்வோம். எதைச் செய்யக்கூடாது என்கிறீர்களோ அதைச் செய்ய மாட்டோம்.

அன்புடன்,
ஆத்தூரிலிருந்து உங்கள் பாட்டைப் படியெடுக்கும் ஒருவன்